மூன்றாவது மருந்து

11-3-2019, திங்கட்கிழமை

அன்புள்ள மைத்துனிக்கு,

ஆசிகள். சகலையின் வலக்கை சற்றேனும் அசையத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இது தொலைபேசியில் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் என் காதுகளின் நிலை உனக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் போட்டால்தான் எனக்குக் கேட்கும். போட்டால் உன் அக்காளுக்கும் கேட்கும். ஆகவே எழுதுகிறேன்.

வயிற்று வலி முதுகு வரை பரவுகிறது என்று உன் அக்காள் சொல்லத் தொடங்கியது பிப்ரவரி 9ஆம் தேதி. கணையத்தில் ஒரு கட்டி இருப்பதாக 27ஆம் தேதி சொன்னார்கள். அக்கட்டி பக்கத்திலுள்ள ரத்தக் குழாயைச் சுற்றியிருந்தால் அறுவை சிகிச்சை இல்லை; சுற்றாமலிருந்தால் உண்டு. அதைக் காட்டும் படம் எடுப்பதற்காக 5-3-2019, செவ்வாய்க்கிழமை, ஸ்கேன் மையத்துக்கு அழைத்துச் சென்றேன். ரத்தக் குழாய்கள் படத்தில் வெண்மையாகத் தெரிவதற்கு நரம்பு வழியாக ஒரு மருந்தைச் செலுத்துவார்களாமே, அதைச் செலுத்தினார்கள்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். என்னையும் சேர்த்து ஏழு பேர். சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. விளக்கு அணைந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்று அங்கேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஏதோ முறை தவறிவிட்டது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. படம் எடுக்கும் பெண்மணி, "டாக்டரைக் கூப்பிடுங்க! பிரஷர் இறங்குது!" என்று கத்தியது எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

ஆட்கள் ஓடினார்கள். நானும் எழுந்து ஓடினேன். ஒருவர் என் மார்பில் கையை வைத்து, "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றார். ஓரமாகத்தான் நின்றேன். உன் அக்காள் கழற்றிக் கொடுத்த கண்ணாடியும் வளையல்களும் என் கையில் இருந்தன. வேறு எதுவும் என் கையில் இல்லை.

தொடையில் ஊசி போட்டு, காலை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினோம். படம் பாதியில் நின்றுவிட்டது. "பெரிய ஆஸ்பத்திரியில தக்க ஏற்பாட்டோட இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும்" என்கிறார் அறுவை மருத்துவர்.

நான் ஒப்பவில்லை. ஸ்கேன் பிரிவில் வாழ்நாளெல்லாம் செவிலியாக இருந்தவள் நீ. "இந்த மருந்தை இவருக்கு இனி ஒருபோதும் செலுத்தலாகாது" என்று உன் கைப்பட ஒரு கடிதம் அனுப்பு. மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, உன் அக்காளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்


சனிக்கிழமை

அத்தானுக்கு,

அப்படி ஒரு கடுதாசி நான் எழுதித் தரமாட்டேன். முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் கடைசி வரைக்கும் தேடாதீங்க.

உங்க கடிதத்தை இவருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். பாதியில நிறுத்திட்டுப் போய் முகம் கழுவிட்டு வந்தேன். இந்த மாதிரி எத்தனை பேரை நான் பார்த்திருப்பேன்! ஊசியை எடுத்துத் தொடையில குத்திட்டு, "ஒண்ணுமில்லைம்மா, என்னைப் பாருங்க"ன்னு எத்தனை பேரோட கன்னத்தைத் தட்டியிருப்பேன்! எங்கக்கா கன்னத்தைத் தட்டினது யாரோ.

சிவப்பு விளக்கு எழுதியிருக்கீங்க, பெஞ்சுல ஏழு பேர் எழுதியிருக்கீங்க, கடிகாரம் மூணு நிமிஷம் பின்னாடி ஓடினதையும் எழுதியிருக்கீங்க. மருந்து பேரு எங்கே அத்தான்?

அதுதான் முக்கியம். இந்த மருந்து ஒண்ணு இல்லை, பல ரகம் இருக்கு. ஒண்ணு ஒத்துக்கலேன்னா இன்னொண்ணு பெரும்பாலும் ஒத்துக்கும். முதல் நாளே மாத்திரை கொடுத்து, ரகத்தை மாத்தி, பக்கத்துல ஊசியும் ஆளும் தயாரா வச்சுக்கிட்டு எடுப்பாங்க. எம்.ஆர்.ஐ. காந்த ஸ்கேன் எடுக்கலாம்னா அக்கா நெஞ்சுல இருக்கிற பேஸ்மேக்கர் அந்தக் காலத்துது, அதை உள்ளேயே விடமாட்டாங்க. இந்தப் படம் இல்லாம எந்த டாக்டரும் கத்தியைத் தொடமாட்டார். அதனால போய் மருந்து பேரைக் கேளுங்க.

இன்னொண்ணு. உள்ளே முதல்ல என்ன ஆச்சுன்னு அக்காகிட்ட விசாரிங்க. அவ வாயே திறந்திருக்க மாட்டா. சின்ன வயசுல பல் பிடுங்கினப்போ, கத்தினா டாக்டர் பயந்துருவார்னு கத்தாம இருந்தவ அவ.

நான் வரணும். வரமுடியாது. இவரைப் புரட்டிப் படுக்கவைக்க இங்கே என்னை விட்டா ஆள் கிடையாது. உங்களுக்கும் பிள்ளை குட்டி இல்லை, எனக்கும் இல்லை. நல்லா வந்து மாட்டினோம் நாலு பேரும்.

சின்னவள்


25-3-2019, திங்கட்கிழமை

அன்புள்ள மைத்துனிக்கு,

உன் கடிதத்தின் தலைப்பில் "சனிக்கிழமை" என்று மட்டும் இருந்தது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள் வருகின்றன. அஞ்சல் முத்திரையைப் பார்த்து 16-3-2019 என்று நானே எழுதிக்கொண்டேன். இனியாவது தேதியிடு.

நீ சொன்னபடி உன் அக்காளை விசாரித்தேன்.

"சூடா என்னமோ உடம்பெல்லாம் ஓடுச்சு. அது அப்படித்தான் இருக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்புறம் உள்ளங்கை அரிச்சுது. அப்புறம் தொண்டையில யாரோ கையை வச்ச மாதிரி இருந்துச்சு."

"அரித்தபோதே கூப்பிட வேண்டியதுதானே?"

"அசையாதீங்க, பேசாதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சுங்க. வெளியில அத்தனை பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. என்னால எதுக்கு எல்லாருக்கும் லேட் ஆகணும்?"

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அப்போது பகல்.

அம்மருந்தில் அயோடின் இருப்பதாகக் கேள்விப்பட்டதால், வீட்டிலிருந்த உப்பை 14ஆம் தேதியே அப்புறப்படுத்திவிட்டேன். மீனும் நிறுத்தப்பட்டது. "மருந்தை விட்டுட்டு உப்பு மேல கோபப்படறீங்களே" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

21-3-2019, வியாழக்கிழமை, மையத்துக்கு நேரில் சென்றேன். அவர்கள் அறிக்கையில் "மருந்து செலுத்தப்பட்டது" என்று மட்டுமே இருக்கிறது. பெயர் இல்லை! அன்று படம் எடுத்த பெண்மணி மறைக்காமல் சொன்னார்: "அந்த வாரம் ரெண்டு கம்பெனி மருந்து வச்சிருந்தோங்க. அம்மாவுக்கு எதைப் போட்டோம்னு குறிக்கலை. அந்த அவசரத்துல பாட்டிலும் குப்பைக்குப் போயிருச்சு." இரண்டின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு இரண்டு வேண்டாம், ஒன்று வேண்டும். கொள்முதல் விவரங்களைச் சரிபார்த்து, எந்த மருந்து என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி மேலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன்.

உன் அத்தான்


30-3-2019, சனிக்கிழமை (போதுமா, இல்லை மணியும் போடணுமா?)

அத்தானுக்கு,

உப்பைத் திரும்ப வைங்க. அக்காவுக்கு ஒத்துக்காதது அந்த மருந்து, அயோடின் இல்லை. அயோடின் எல்லார் உடம்புலயும் இருக்கு, உங்க உடம்புலயும் இருக்கு. மீனை நிறுத்தினதுல நஷ்டம் உங்களுக்குத்தான். அவ என்னைக்கு ஆசையா மீன் சாப்பிட்டா?

இப்போ விளையாட்டு இல்லாம எழுதறேன். ரெண்டு மருந்தோட பேரும் கிடைச்சாச்சு இல்லையா? அது போதும். ரெண்டையும் ஒதுக்கிடச் சொல்லுங்க. மூணாவது ஒண்ணை வச்சுப் படம் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டுல எதுன்னு கண்டுபிடிச்சு என்ன பண்ணப்போறீங்க? வீட்டுல பாம்பு புகுந்தா கதவைச் சாத்திட்டு வெளியில வரணும், அதோட பேரைக் கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது.

மூணாவது ஒத்துக்கும்னு சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க, பண்ணமாட்டேன். மாத்திரை கொடுத்தும் சிலருக்கு மறுபடி வந்திருக்கு, கண்ணால பார்த்திருக்கேன். ஆனா வந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்க பக்கத்துல நிப்பாங்க. இந்த விஷயத்துல அவ்வளவுதான் கிடைக்கும். அதுக்கு மேல யாரும் தரமுடியாது.

அக்கா மட்டும் வாயைத் திறக்கணும். உள்ளங்கை அரிச்சாக்கூடக் கத்தணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க.

சின்னவள்


22-4-2019, திங்கட்கிழமை

அன்புள்ள மைத்துனிக்கு,

உப்பு 4ஆம் தேதி முதல் பயன்பாட்டில் இருக்கிறது.

மையத்திலிருந்து பதில் வரவில்லை. 8ஆம் தேதி ஒரு நினைவூட்டலும் 16ஆம் தேதி இன்னொன்றும் அனுப்பினேன். பெரிய மருத்துவமனையில் 12ஆம் தேதிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். விவரம் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று கூறி நான்தான் ஒத்திவைக்கச் சொன்னேன்.

கோபப்படாமல் படி. மூன்றாவது மருந்து என்கிறாய். அதற்கும் உறுதி இல்லை என்று நீயே எழுதுகிறாய். அந்த இரண்டில் ஒன்று அவளுக்கு ஒத்துக்கொள்வது என்றால், ஒத்துக்கொள்வதை ஒதுக்கிவிட்டு முன்பின் தெரியாததை ஏன் உடம்பில் ஏற்ற வேண்டும்? எது என்று தெரிந்துவிட்டால் நான் நிம்மதியாகக் கையெழுத்திடுவேன். அன்று ஒரு கையெழுத்துப் போட்டேன். வாசிக்க நேரம் தராமல் நீட்டினார்கள், போட்டேன். இம்முறை தெரியாமல் போடமாட்டேன்.

உன் அக்காள் இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. இரவில் முனகல் இல்லை. அவள் முனகாததுதான் எனக்குத் தூக்கம் தருவதில்லை. "வலிக்கிறதா?" என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்கு, தூங்குங்க" என்கிறாள்.

உன் அத்தான்


27-4-2019

அத்தான்,

கோபப்படாம படிக்கச் சொன்னீங்க. படிச்சேன். இப்போ கோபத்தோட எழுதறேன்.

அந்த ரெண்டுல ஒண்ணு அக்காவுக்கு ஒத்துக்கும்னு உங்ககிட்ட யார் சொன்னது? ஒண்ணை அவ உடம்புல இதுவரைக்கும் ஏத்தவே இல்லையே! ஒண்ணு கொல்லப் பார்த்தது, இன்னொண்ணு யாருக்கும் தெரியாதது. மூணாவதும் தெரியாததுதான். இதுல நீங்க ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

மேலாளர் பதில் போடமாட்டார். எழுதிக் கொடுத்தா நாளைக்குக் கேஸ் போடுவீங்கன்னு பயந்துகிட்டு இருப்பார். பதிவுத் தபாலுக்குக் கட்டி பயப்படாது, அத்தான். அது பாட்டுக்கு வளரும்.

நான் அங்கே இருந்தா உங்களை அறையில போட்டுப் பூட்டிட்டு அக்காவை ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன். இருக்கிறது இங்கே. இவரோட கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு உங்களுக்குக் கடுதாசி எழுதறேன். என்னால ஆகிறது இதுதான்னா இதையாவது கேளுங்க.

கெஞ்சறேன். போய் நாள் குறிங்க.

சின்னவள்


13-5-2019, திங்கட்கிழமை

அன்புள்ள மைத்துனிக்கு,

உன் கடிதம் 2ஆம் தேதியே கிடைத்தது. அதற்கு எழுதிய பதிலை அனுப்பவில்லை. இப்போது அதற்குத் தேவையுமில்லை.

9-5-2019, வியாழக்கிழமை, நான் மீண்டும் ஸ்கேன் மையத்துக்குச் சென்றிருந்தேன். மேலாளர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். மாலையில் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சற்றுப் பொறுத்து உன் அக்காள் அடுத்த வீட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எங்கே போயிருந்தாய்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. அடுத்த வியாழக்கிழமை படம். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டாய்?"

"என் உடம்புங்க, என்னைக் கேட்டுத்தான் போட்டேன்." பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்த ரெண்டு மருந்து பேரு எழுதின தாள் உங்க சட்டைப் பையில இருந்துச்சு. அதைக் காட்டினேன். 'இது ரெண்டும் வேண்டாம்மா, வேறே ஒண்ணு போட்டுக்கலாம்'னு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாங்க" என்றாள்.

ஒரே நிமிஷம் என்றாளே, அந்தச் சொல்லை நான் இன்னும் விழுங்கவில்லை.

நீ சொன்னபடி கத்துவதற்கு அவளுக்கு நேற்றுப் பயிற்சியும் கொடுத்தேன். கட்டிலில் படுக்கவைத்து, "தொண்டை அடைப்பதாக வைத்துக்கொள், கூப்பிடு" என்றேன். "என்னங்க" என்றாள், பாலுக்குக் காசு கேட்கும் குரலில். எனக்கே கேட்கவில்லை, ஸ்கேன் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும்? உரக்கக் கூப்பிடச் சொல்லி வற்புறுத்தினேன். திடீரென்று ஒரு கூச்சல் போட்டாள். அடுத்த வீட்டு அம்மாள் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகவே நினைவு.

16-5-2019, வியாழக்கிழமை, காலை. முதல் நாள் முதற்கொண்டு மாத்திரைகள் தர வேண்டும். அந்தப் பொறுப்பை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உன் அத்தான்


24-5-2019, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனிக்கு,

அடுத்த வீட்டு அம்மாள் 16ஆம் தேதியே தொலைபேசியில் சொல்லியிருப்பார்: ஒன்றும் நேரவில்லை. தும்மல்கூட இல்லை.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கி அணிந்து நால்வர் சுற்றி நின்றார்களாம். ஊசி எடுத்து வைத்த தட்டுடன் ஒரு மருத்துவர். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு செவிலி. "அரிக்குதாம்மா? தொண்டை எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். உன் அக்காள் இம்முறை எல்லாவற்றுக்கும் வாய் திறந்து பதில் சொன்னாளாம். சிவப்பு விளக்கு முறைப்படி அணைந்தது. அதன் பிறகே கதவு திறந்தது. அந்தச் செவிலி வெளியே வந்து, "ஒண்ணும் ஆகலை அய்யா!" என்று என் தோளைத் தட்டினார். அங்கேயே அழுதுவிட்டேன். மூன்றாவது மருந்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

21-5-2019, செவ்வாய்க்கிழமை, மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். உன் அக்காள் வெளியே இருந்தாள். ரத்தக் குழாய்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன, எனக்கே புரிந்தது. கட்டி ஒரு குழாயை முழுதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லை. மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். அந்த "பார்க்கலாம்" எத்தகையது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஏப்ரல் 12ஆம் தேதி இந்தப் படத்தை எடுத்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமா? "அதை இப்போ எப்படிங்க சொல்றது?" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

நீ சொல். இத்தகைய படங்களோடு வாழ்ந்தவள் நீ. மழுப்பாமல் சொல். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஏற்றுக்கொள்வேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அத்தான்


29-5-2019, புதன்கிழமை

அத்தானுக்கு,

உங்களைத் திட்டி ரெண்டு பக்கம் எழுதினேன், கிழிச்சுட்டேன். தேத்தி ஒரு பக்கம் எழுதினேன், அதையும் கிழிச்சுட்டேன்.

எனக்குத் தெரியாது, அத்தான். மழுப்பலை. மார்ச்லயே சுத்தியிருக்கலாம். ஏப்ரல் பன்னெண்டுக்கு அப்புறம் சுத்தியிருக்கலாம். மார்ச் படம் முழுசா வந்திருந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துச் சொல்லலாம். அதுதான் பாதியில நின்னுபோச்சே. இதுக்குப் பதில் உலகத்துல யார்கிட்டயும் கிடையாது. நாள் கணக்கு உங்களுக்குத் துல்லியமா தெரியும். ஆனா இதை உங்களாலயும் கண்டுபிடிக்க முடியாது. நான் அங்கே இருந்திருந்தாலும் முடியாது.

அக்காகிட்ட சொல்லிடுங்க. அவளுக்குத் தெரியாம நாம ரெண்டு பேரும் அவளைப் பத்தி எழுதிக்கிட்டது போதும். சொல்லிட்டு அவ என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க.

சின்னவள்


6-6-2019, வியாழக்கிழமை

அன்புள்ள மைத்துனிக்கு,

2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்குவது என்று மூன்று வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியம் முடியுமுன்பே, "தெரியுங்க. அன்னைக்கு நீங்க டாக்டர் அறையிலேர்ந்து வெளியில வந்ததும் என் மடியில இருந்த என் கண்ணாடியை எடுத்து நீங்க மாட்டிக்கிட்டீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

நான் ஒத்திவைத்த கதையையும் சொன்னேன். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம். போர்வையை இழுத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்டாள்:

"அந்த நர்ஸம்மா படம் முடியற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. அவங்க கை சில்லுன்னு இருந்துச்சு, பாவம். ரெண்டு நாள் கழிச்சுக்கூட அரிப்பு வரலாம், வந்தா உடனே சொல்லுங்கன்னாங்க. வரலேன்னு யார் அவங்ககிட்ட போய்ச் சொன்னா? கவலைப்பட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வாங்களேன்."

நேற்றுப் போனேன். ஸ்கேன் பிரிவின் வாசலில் வரிசை நீண்டிருந்தது. அந்தச் செவிலி யாருக்கோ ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அய்யா! அம்மா எப்படி இருக்காங்க? அரிப்பு, தடிப்பு ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒன்றும் இல்லை. அதைச் சொல்லத்தான் அனுப்பினாள்."

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "ஏய், அந்தப் பேஸ்மேக்கர் அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகலையாம்!" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து யாரோ கைதட்டினார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா கொஞ்சம்கூட அசையலைங்க. படம் அவ்வளவு தெளிவா வந்துச்சு. எங்க டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார், இப்படித்தான் வரணும்னு."

"ஆமாம், மிகத் தெளிவாக இருந்தது. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்" என்றேன்.

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். நான் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.

உன் அத்தான்